கோணமலையும் கோட்டைமதிலும்

திருக்கோயிலும் கோட்டையும் ஓரிடத்தே அமைதல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. நடுநாட்டில் உளுந்தூர்ப்பேட்டையினின்று கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் பெருவழியிலுள்ள எலவனாசூர், இந்நாளில் எலவனாசூர்கோட்டை என்றே வழங்கப்பெறுகின்றது. கல்வெட்டுக்களில் இறையானரையூர் எனக் குறிக்கப்பெறும் அவ்வூரிலே சோழர்காலத்துச் சிவாலயம் ஒன்று உளது. கோட்டையின் காலம் கழிந்தது, கோட்டை என்னுஞ் சொல் ஊர்ப்பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டது, கோயில் நின்றது. அதற்கு மேற்கே தியாகதுருக்கமும், தெற்கும் வடக்குமாக விருத்தாசலமும் திருவண்ணாமலையும் 18-ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களிலே பலர் கைமாறின. தில்லைத் திருக்கோயிலின் மதில்களையே அரணாகக் கொண்டு பிரெஞ்சுக்காரர் சில்லாண்டு தங்கினர். ஐதரலியின் படையும் பின்னர் அங்குத் தங்கிற்று. 1781-ஆம் ஆண்டிலே ஆங்கிலத் தளபதி கூட் என்பான் அம்மதில்களைத் தாக்கித் தோல்வியுற்று மீண்டான். இவ்விடங்களிலெல்லாம் கோயில் கோட்டையாகப் பயன்பட்டதாயினும், கோயிற்கற்கள் தத்தம் இடத்திலேயே நின்றன. படைகள் போயின பின்னர் வழிபாடு பழையபடி நடைபெறலாயிற்று.

ஈழநாட்டின் கீழ்கரையிலே நிகழ்ந்தது இதனின் வேறாகும். ஆண்டுக் கோயில் கோட்டையாக்கப்படவில்லை. கோயிலின் கற்கள் கோட்டையாக்கப்பட்டன. அக்கோட்டை இன்றளவும் படையினர் கையிலேயே உளது. அதுவே திருக்கோணமலையில் உள்ள பிரெடரிக் கோட்டை எனப்படுவது.

திருக்கோணமலை ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிகம் பெற்ற தலமாம். மூன்றாந் திருமுறையின் 123-ஆம் பதிகம் இத்தலத்திற்குரியது. பிள்ளையார் இராமேச்சுரத்தில் எழுந்தருளியிருந்தபோதே கடல்கடந்த கோணமாமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடியருளினார் என்பது சேக்கிழார் பெருமான் வாக்காற் பெறப்படும். ஈழத்திலே பாடல்பெற்ற தலங்கள் இவ்விரண்டேயாம். இவற்றின் தொன்மைக்குச் சைவ நூல்களே சான்று என்று எவரும் எளிதிற் கூறிவிடுதல் ஆகாது. மகாசேனன் என்னும் மன்னன் கோகர்ணத்திலே விகாரம் எடுத்தனன் என்றும், அதன்பொருட்டுத் தேவாலயங்களை அழித்தனன் என்றும் மகாவமிசம் கூறுகின்றது. அழிக்கப்பட்டவை சிவலிங்கம் முதலியன என அதன் உரையாசிரியர் விளக்குவர். கோகர்ணம் என்பது திருக்கோணமலைக்குப் பாளி நூலோர் இட்டு வழங்கிய பெயர். மாற்றுச் சமயத்தார் தம் வெற்றியைக் கூறப்புகுந்து எழுதிய நூலே, ஈண்டுச் சிவாலயம் முன்னரே இருந்தது என்பதற்குக் கரியாய் நிற்றல் நோக்கத்தக்கது.

சோழர் ஈழத்தை ஆண்ட காலத்துச் சான்றும் உண்டு. திருக்கோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, கோணபர்வதத்து மகாதேவர்க்கு 250 வேலி நிலம் நிவந்தமாக விடப்பட்டதைத் தெரிவிக்கின்றது. ஒரு கோயிலுக்கு 250 வேலி எனின், அது காட்டகத்தே கிடந்த சிறு கோயிலன்று என்பது வெளிப்படை.

இனி, அம்மலையின் அமைப்பை அறிதல் வேண்டும். ஊருக்குக் கிழக்கே ஒரு நிலநாக்குக் கடலுள் நீண்டு செல்கின்றது. செல்லச் செல்ல அது உயர்ந்து, முடிவிலே முந்நூறு அடிக்கு மேற்பட்ட செங்குத்தான பாறையாய்க் கடலின்மீது நிற்கின்றது. பாறையின் ஒருபுறத்துப் பிளவை இராவணன் வெட்டு என்பர். நிலநாக்கின் இருமருங்கும் குடாக்கள். அவற்றிற்கு அப்பால், தென்மேற்கே, மலைகளாற் சூழப்பெற்ற உட்டுறைமுகம். உலகிலுள்ள இயற்கைத் துறைமுகங்களுள் மிகப் பெரியவற்றுள்ளும் மிக ஆழமானவற்றுள்ளும் அஃது ஒன்று.

இத்துறைமுகமே கோயிலுக்குப் பகையாயிற்று. அஃது எங்ஙனமெனின்: சோழமண்டலக் கரை முழுதும் மணற்கரையாம். நாகப்பட்டினமாயினும் புதுச்சேரியாயினும் சென்னையாயினும் மரக்கலங்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்றல் வேண்டும். ஐப்பசியில் வடகீழ்ப்பருவக்காற்றுத் தொடங்கிப் புயலெழுமாயின், அங்ஙனம் நிற்கும் கப்பல்கள் பிழைத்தல் அரிது. ஆதலின் ஆண்டுதோறும் கப்பற்படைகள் அக்கரையை விட்டு நெடுந்தொலைவு ஓடி ஒதுங்கின. ஆங்கிலேயர் பம்பாய்வரை செல்லவேண்டியவராயினர். வங்கக்கடலின் மேல்பாலிலே எக்காற்றிலும் பெருங்கப்பல்கள் புகுந்து தங்குதற்குரிய துறை திருக்கோணமலை ஒன்றேயாயிருந்தது. அதனைக் கைக்கொண்டவன் மழைக்காலத்திலும் சோழமண்டலக் கரைக்கு அண்மையிலேயே தன் படையை வைத்திருத்தல் கூடும். ஐரோப்பியர் ஐவகையினரும் இதன்மேற் கண்வைத்ததற்குக் காரணம் இதுவேயன்றி வேறில்லை.

முதலில் ஆண்டுக் கோட்டை எழுப்ப முயன்றோர் தேனியர் என்னும் டென்மார்க்கு நாட்டினர். அவர்தம் தலைவன் ஓவ கெட்டே 1620-ஆம் ஆண்டிற் கண்டியரசன் செனரதனுடன் உடன்படிக்கை செய்து திருக்கோணமலையில் அடிகோலினான். அம்முயற்சி கைகூடிற்றில்லை, அவன் அவ்வாண்டிலேயே தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று ஆண்டுக் கோட்டை கட்டுவித்தான். எனினும் தேனியர் வந்து சென்றதே பறங்கியர் எனப்படும் போர்த்துக்கேயரை அச்சுறுத்தப் போதியதாயிற்று. கண்டியரசனுக்குக் கடல்வழித் துணை கிடைத்தலைத் தடுக்கவேண்டுமாயின், கீழ்கரைத் துறைகளை அடைத்தல் வேண்டும் என அவர் துணிந்தனர்.

அக்காலத்துப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா என்பான். 1622-ஆம் ஆண்டிற் சித்திரை வருடப் பிறப்பு நாளன்று, சுவாமி நகருலா எழுந்தருளியிருந்த வேளையிலே, அவனுடைய போர்வீரர் அருச்சகர் வேடம் பூண்டு மலைக்கோயிலுட் புகுந்து கொள்ளையிட்டனர் என்பது அந்நாட்டிற் செவிவழியாக வழங்கிவருஞ் செய்தி. வேடம் பூண்டது மெய்யாயினும் அன்றாயினும், கோயில் இடிக்கப்பட்டதில் ஐயமில்லை. இடித்தவர்தம் பாதிரிமாரே அதனை எழுதிவைத்துள்ளனர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் குவேறோஸ் என்னும் பாதிரியார் எழுதிய இலங்கை வரலாற்றிலே, மலையேறுந் தொடக்கத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்றும், உச்சிக்கோயிலே தலைமையானதென்றும், இந்தியா முழுவதினின்றும் மக்கள் அங்குத் திரண்டனர் என்றும் கூறப்பட்டுளது. கீழ்நாட்டுப் புறச்சமயிகளுக்கு அஃது உரோமாபுரி போல்வது என்றும் அவர் எழுதினார். புகழ்ச்சியாக எழுதிற்றிலர், எனினும் அத்தலத்தின் பெருமைக்கு அதனினும் பெரிய சான்று வேண்டா.

இடித்த கற்களைக்கொண்டு 1624-ஆம் ஆண்டிற் கோட்டை முடிக்கப்பட்டது. கட்டட வேலையறிந்தார்க்கு இதன் காரணம் விளங்காமற் போகாது. பீரங்கிக் குண்டைத் தாங்கும் மதிலுக்குப் பருங்கற்கள் வேண்டும். கல்லை அகழ்ந்து, பிளந்து, செதுக்கி, மலைமேலேற்றுதல் பல்லாண்டு வேலை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகத் தமிழ்ச் சிற்பிகள் செதுக்கிச் சதுரித்த கற்கள் மலைமேலேயே ஆயத்தமாயிருந்தன. மன்னார்க் கோட்டைக்குக் கேதீச்சரத்தின் கற்களும், யாழ்ப்பாணக் கோட்டைக்கு 1621-இல் இடிக்கப்பட்ட நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கற்களும் பயன்பட்டன என்பர். சமயப் பகைமை ஒருபாலும் கற்செலவு மிச்சம் ஒருபாலுமாக இவ்வழிவு நிகழ்ந்தது. இரண்டனுள் எது மிக்கது எனக் கூறுதல் எளிதன்று. பகைமை இல்லாவிடினும் கற்கள் தப்பியிரா என்றே தோன்றுகின்றது.

தெ சா எட்டாண்டு கழித்து, 1630-ஆம் ஆண்டில், ஊவா நாட்டிலே கண்டியர் படையாற் சூழப்பட்டு மாண்டான். இதனைக் கோணேசர் தண்டனை என்பாரும் உளர். அவன் படையிலிருந்த உள்நாட்டு வீரர் போர்முனையிற் கட்சி மாறினமையே தோல்விக்குக் காரணம் என வரலாற்று நூல்கள் கூறும்.

அடியார்கள் மறைத்துக்காத்த திருமேனிகளுட் சில மேற்கேயுள்ள தம்பலகாமத்திற் கொண்டுசெல்லப்பட்டன. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் ஆண்டு ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. ஏனைய திருமேனிகள் மண்ணிற் புதைக்கப்பட்டன. அவற்றைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

கோட்டைமதிலிலே கோயிலின் அடையாளங்கள் முற்றும் மறைந்தில. வாயிலருகே இரட்டைக் கயல் பொறித்த கற்கள் பதிந்துள்ளன. கயல் பாண்டியர் இலச்சினை என்பதை அறியாதார் இலர். ஆங்கே தமிழ்க் கல்வெட்டொன்றும் உளது. எழுத்துக்கள் பல சிதைந்தன. முன்னாளிற் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் பிரிப்பர் என்றும், அதற்குப்பின் இன்னின்ன கண்ணையுடையார் ஆள்வர் என்றும் அது வருங்காலம் உரைப்பதாகப் பொருள்கொள்ளப்படுகின்றது. நிகழ்ந்தபின் எழுந்த பாட்டோ, நிகழுமுன் எழுந்ததோ என்னும் வழக்கு இன்னும் தீர்ந்திலது. இவற்றினும் உறுதியான சான்று கோட்டைக்குள் ஒரு நிலைக்காலாகப் பதிக்கப்பட்டிருந்த கிரந்த எழுத்துக் கல்லாகும். அது வடமொழியில் உள்ளது. சோடகங்கன் என்பான் சகம் 1145-இல், அஃதாவது கி. பி. 1223-இல், கோகர்ணத்திற்கு வந்தமையைக் குறிப்பது. ஒரு வாயில் நிலைக்காக வெட்டப்பட்டமையின் அக்கல்லின் எழுத்துக்கள் முழுமையாய் இல்லை. அரசன் வருகையைப் பொறித்த கல்லைக் கதவு மாட்டுதற்குக் கொண்டவர், அதில் எழுத்து உளதென்பதைக் கண்டும் பொருட்படுத்திலர் போலும்.

கோட்டையின் பிற்கால வரலாறு கைமாற்ற வரலாறேயாகும். 1639-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். சின்னாளிற் கோட்டை அழிக்கப்பட்டது. 1665-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மீண்டும் வந்து, நிலநாக்கின் கழுத்துக்குக் குறுக்கே கடலினின்று கடல்வரை மதில் வளைத்துக் கொத்தளங்கள் அமைத்தனர். கோணமலைக்கு அவர் இட்ட பெயர் கோயில்மலை என்னும் பொருளதே. கோயில் இல்லாத மலையைக் கோயில்மலை என்று இடித்தவர்க்குப் பின் வந்தவரும் அழைத்தனர்.

1782-ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் ஹியூஸ் கோட்டையைக் கைப்பற்றினான். அவன் சென்னைக்குச் சென்றிருந்த காலம் பார்த்து, ஆகஸ்டு மாத இறுதியிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுப்ரான் அதனைப் பறித்தான். ஹியூஸ் விரைந்துவந்தபோது மலையின்மேற் பிரெஞ்சுக்கொடி பறந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் துறைக்கு வெளியே இரு கப்பற்படைகளும் பொருதன. வென்றார் இவர் என்று கூறற்கிடமின்றிப் போர் முடிந்தது. ஆயினும் துறை பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது. சமாதான உடன்படிக்கையின்படி அது பின்னர் ஒல்லாந்தர்க்கு மீண்டது. 1795-இல் ஆங்கிலேயர் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் முற்றுகையிட்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் மறுபடியும் கைக்கொண்டனர். 1803-ஆம் ஆண்டில் யார்க்குக் கோமகன் பிரெடரிக் என்பான் பெயரைக் கோட்டைக்கு இட்டனர். பின்னாளில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் இளந்தளபதியாய் 1800-ஆம் ஆண்டில் இங்கு வந்து தங்கிய மனை இன்றும் கோட்டைக்குள் உளது.

இம்முற்றுகைகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். கோட்டை கட்டப்பட்டது கடல் நோக்கி. உயரத்தே நிறுத்தப்பட்ட பீரங்கிக்குக் கப்பல் எளிய இலக்கு: மேலிருப்பவன் தொலைவிற் காண்பான், அவன் பீரங்கி அசையாத கல்மேல் நிற்கும், கப்பலின் பீரங்கியோ அலையோடு ஆடும், மலையுச்சியை எட்டுமளவு வாயை உயர்த்தவும் இயலாது. ஆதலாற் பகைவர் எவரும் அம்மலையைக் கடற்புறத்தே தாக்கும் பேதைமையை மேற்கொண்டிலர். குண்டு எட்டாத தொலைவில் மணற்கரையிற் படையையும் பீரங்கியையும் இறக்கி, நிலப்புறமாக மதிலண்டை பள்ளம் அகழ்ந்து நெருங்கினர். சுப்ரான் செய்தது அது. ஸ்டூவர்ட் செய்ததும் அது. கடலைக் காத்தற்கென எழுந்த கோட்டை ஒவ்வொரு முறையும் நிலத்தின் பக்கமாகவே வீழ்ந்தது. கோயிலைத் தகர்த்துப் பெற்ற அரண் அதனைக் கட்டிய பறங்கியர்க்குப் பயன்பட்டது பதினைந்தே ஆண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியிற் கோட்டை நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அமைதியாயிருந்தது. உலகப்போர்க் காலங்களிற் கரைகாவற் பீரங்கிகள் அதன்மேற் புதியனவாக நிறுத்தப்பட்டன. எதிர்முனையில் உட்டுறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்தன்பேக் கோட்டையும் அங்ஙனமே வலியுறுத்தப்பட்டது. அவை எதிர்நோக்கியது கப்பற்படையை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் சப்பானியர் வந்தது வானூர்திகளில். அவற்றை ஏந்திய கப்பல்கள் பீரங்கியின் எல்லைக்கு நெடுந்தொலைவில் நின்றன. துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்த் தொட்டியும் குண்டுக்கு இரையாயின. அன்றே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கிற்று. கடல்நோக்கிய பீரங்கிகளுக்கு அன்று வேலை இருந்ததில்லை. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. 1957-இல் ஆங்கிலக் கடற்படைத் தளமும் ஒப்படைக்கப்பட்டது. கோட்டை இலங்கைத் தரைப்படையின் கைக்கு வந்து, இன்றும் அங்ஙனமே இருக்கின்றது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலும் இந்நாள்வரை படையினர் உறைகின்றனர்; ஆயின் அது மணலில் எழுந்தது.

இனி வழிபாட்டின் செய்தி. கோயில் போனபின் மலையுச்சியில் எஞ்சியது பாறையும் கடலும். அங்கும் வழிபாடு ஒழிந்திலது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் உயர் அலுவல் பார்த்த எமர்சன் டென்னன்ட் என்னும் ஆங்கிலேயர் தாம் 1859-இல் வெளியிட்ட நூலில் அதனை விரித்துரைத்துள்ளார். ஞாயிறு சாயும் வேளையில் அருச்சகர் பாறையின் விளிம்பிலுள்ள சிறு திட்டுக்கு இறங்குவார். அடியார்கள் மேலே சூழ்ந்திருப்பர். மந்திரம் ஓதி மலரும் கனியும் கடலில் இடுவார். முடிவிற் கருப்பூரச் சுடரைத் தலைக்குமேல் ஏந்துவார். மூலத்தானம் இன்மையின் கடலே மூலத்தானமாயிற்று. கோட்டைக்குட் படைவீரரின் இசைவின்றி எவரும் நுழைதல் இயலாத காலம் அது. இசைவு பெற்றே சென்றனர், சென்று கொண்டேயிருந்தனர். அருச்சகர் இறங்கிய அவ்விளிம்புக்கு அருகே ஒல்லாந்தப் பெண்ணொருத்தியின் பெயர் பொறித்த தூண் நிற்கின்றது. அவள் காதலனைப் பிரிந்து கடலிற் குதித்தாள் என்பது கதை. அவள் பின்னரும் மணம்புரிந்து வாழ்ந்தாள் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. அத்தூணும் பழைய கோயிலின் தூணே.

புதைந்த திருமேனிகள் 1950-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. நகரசபையார் கிணறு தோண்டுவித்தபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை, பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஏறத்தாழ முந்நூற்றிருபத்தெட்டாண்டு மண்ணுள் இருந்தவை. ஆறாண்டு கழித்து ஆர்தர் கிளார்க்கு, மைக் வில்சன் என்னும் இருவர் மலையடிக் கடலுள் மூழ்கித் தேடித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர்; மதிலுக்குப் பயன்படாத கற்கள் விளிம்பினின்று தள்ளப்பட்டன போலும். சைவப் பெருமக்கள் முயன்று மலையுச்சியில் மீண்டும் ஆலயம் எடுத்து, 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கும்பாபிடேகம் செய்வித்தனர். மூன்று கோயில்கள் இருந்த மலையில் இப்போது உள்ளது ஒன்று. பழையதனோடு ஒப்பிடச் சிறியது.

ஆதலின் இன்று கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் படையினர் காக்கும் கோட்டைவாயிலின் வழியே செல்கின்றனர். 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் அவ்வழி எளிதாயிருந்ததில்லை. இப்போது மரநிழலிற் புள்ளிமான்கள் திரியக் காண்பர். படைவீடுகளைக் கடந்து மேலேறுவர். வாயிலிற் கயல் பொறித்த கல்லை நின்று நோக்குவார் சிலரே.

நோக்கவேண்டிய கற்கள் இன்னும் பல மதிலுள் இருத்தல் கூடும். கல்வெட்டுடைய கோயிற்கல்லை மதிலில் வைக்குங் கொத்தன், சமதளமான முகத்தைச் சுதையின்பாற் படியவைத்தானாயின், எழுத்து உட்புறமாய் மறைந்திருக்கும். வெளித்தோன்றும் சில கற்களைக்கொண்டே சோடகங்கன் வருகையும் பாண்டியர் இலச்சினையும் அறியப்பட்டனவென்றால், உள்ளே மறைந்தவற்றில் கோயிலின் நிவந்தங்களும் அதனை எடுத்தோர் பெயரும் இருக்கலாம். ஆயின் அவற்றைப் படித்தற்கு மதிலைப் பிரித்தல் வேண்டும். மதிலும் இப்போது நானூறாண்டுத் தொல்பொருள். அதனுள் இருப்போர் படையினர். சுதை உதிர்ந்து கல்லொன்று தானே வெளிப்படும்போது அதனைப் படியெடுத்து வைத்தலே இப்போதைக்கு இயலும் பணி. அதற்குக் கோட்டையைக் காப்போரின் இசைவும், கோயிலைக் காப்போரின் கருத்தும், எழுத்தறிந்தார் ஒருவரின் வருகையும் ஒருங்கு வாய்த்தல் வேண்டும்.